நான்காவது புத்தகம் வாங்குவதற்கு முன்

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. வயது 36. ஒன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் எக்செல் தாள்களோடுதான் பொழுது போகிறது. ஓராண்டாக நானே புரோகிராமிங் கற்றுக்கொள்ள முயல்கிறேன். என்னிடம் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, நண்பர் கொடுத்த பழைய பைத்தான் புத்தகம். இன்னொன்று, ‘இதைப் படிக்காமல் புரோகிராமர் ஆக முடியாது’ என்று பலரும் சொன்னதால் வாங்கிய தடிமனான அல்காரிதம் புத்தகம். மூன்றாவது, ‘ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்’. எதிலும் பாதியைத் தாண்டவில்லை. மூன்றாவதில் ஃபங்ஷன் அத்தியாயத்தின் கடைசியில் வரும் கோலாட்ஸ் பயிற்சியோடு நின்றுவிட்டேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. நானாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. என் ஆங்கிலம் சுமார். கணிதம் பள்ளியோடு சரி. எனக்குப் பொருத்தமான புத்தகம் எது? கணினி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் படித்துவிட்டுத்தான் புரோகிராமிங்குக்கு வர வேண்டுமா?

பதில்: “படிக்கும்போது எல்லாம் புரிகிறது, நானாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பழக்குவதும் என் தலையில்தான் விழும். தாமாகக் கற்றுக்கொள்ள முயன்று நின்றுபோனவர்களிடம் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். மாறி (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்), நிபந்தனை, மடக்கு (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) எல்லாம் நன்றாகப் போயின, ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான வரிகளைத் தொகுத்துப் பெயரிட்டு வைப்பது) வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன் என்பார்கள்.

அதுவரை புத்தகம் எழுதிக் காட்டியதை நாம் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். அங்கிருந்து நாமே இயற்ற வேண்டியிருக்கிறது. சமையல் குறிப்பைப் படிப்பதற்கும் அடுப்பை மூட்டுவதற்கும் உள்ள தூரம் அது. இப்போது நான்காவது புத்தகம் வாங்கினால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியும். முதல் எண்பது பக்கங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும், ஏனென்றால் அந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். அடடா, இதுவல்லவா புத்தகம் என்று தோன்றும். பிறகு அதே ஃபங்ஷன் அத்தியாயம், அதே திகைப்பு. ஆகவே புதிதாக எதையும் வாங்காதீர்கள். கையில் இருப்பவற்றில் மூன்றாவதை மட்டும் மேசையில் வையுங்கள். மற்ற இரண்டும் அலமாரிக்குப் போகட்டும்.

மூன்றாவதை ஏன் வைக்கச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் வேலையே காரணம். ஆல் ஸ்வைகார்ட் எழுதி 2015இல் முதல் பதிப்பாக வந்த அந்த நூல், புரோகிராமராக மாற விரும்புகிறவர்களைவிட, அலுவலகத்தில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முன்பகுதி மொழியின் அடிப்படை. பின்பகுதியில் கோப்புகளைக் கூட்டமாகப் பெயர் மாற்றுவது, எக்செல் தாள்களைத் திறந்து படித்து எழுதுவது, பிடிஎஃப்களைக் கையாள்வது என்று உங்கள் மேசையில் தினமும் நடப்பவை வருகின்றன. முழு நூலையும் ஆசிரியரே தம் இணையதளத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார் என்பதால், உங்களிடம் இருப்பது பழைய பதிப்பாக இருந்தாலும் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உங்களை நிறுத்திய அந்தப் பயிற்சிக்கு வருவோம். அதை இங்கேயே சேர்ந்து செய்துவிடலாம். கோலாட்ஸ் வரிசை என்பது இவ்வளவுதான்: ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படையானால் பாதியாக்குங்கள். ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 1 வரும்வரை இதையே செய்யுங்கள். 1937இல் லோத்தார் கோலாட்ஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் எழுப்பியதாகச் சொல்லப்படும் இந்தப் புதிர் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1க்கு வந்துதான் தீருமா என்பதை இன்றுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை. உங்கள் பள்ளிக் கணிதம் போதுமா என்று கவலைப்பட்டீர்கள். இந்தப் பயிற்சிக்கு உங்களுக்குத் தேவைப்படுவது மீதி காணத் தெரிவது மட்டும்தான்.

முதலில் கணினியை மூடிவிடுங்கள். தாளில் 6 என்று எழுதுங்கள். 6, 3, 10, 5, 16, 8, 4, 2, 1. முடிந்தது. இப்போது கை செய்ததை வாயால் சொல்லிப் பாருங்கள். எண்ணைப் பார்த்தேன், இரண்டால் வகுபடுகிறதா என்று சோதித்தேன், அதற்கேற்ப அடுத்த எண்ணைக் கண்டேன், அதை எழுதினேன், பழைய எண்ணை மறந்துவிட்டுப் புதிய எண்ணை எடுத்துக்கொண்டேன். கடைசிச் செயலைக் கவனித்தீர்களா? மனிதர் யாரும் அதை ஒரு செயலாகவே நினைப்பதில்லை. கணினிக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியில் பாதிப் பேர் விழுவது அங்கேதான்.

என்ன நடக்கும் என்றால், ஃபங்ஷனைச் சரியாக எழுதியிருப்பீர்கள். அது 6ஐ வாங்கிக்கொண்டு 3 என்று திரையில் காட்டி, அந்த 3ஐத் திருப்பியும் தரும். மடக்கை எழுதி ஓட்டினால் 3, 3, 3, 3 என்று திரை நிரம்பிக்கொண்டே போகும், நிற்காது. (கன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தினால் நின்றுவிடும், பயப்பட வேண்டாம்.) ஃபங்ஷன் திருப்பித் தந்த 3ஐ நீங்கள் எங்கும் பிடித்து வைக்கவில்லை. மடக்குக்குத் தெரிந்த எண் இன்னும் 6தான். உங்கள் தொழிலில் சொல்வதானால், குறிப்பேட்டில் பதிந்துவிட்டுப் பேரேட்டில் எடுத்தெழுத மறந்துவிட்டீர்கள். பதிவு கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கில் ஏறவில்லை. ‘பிரிண்ட்’ என்பது கண்ணுக்குக் காட்டுவது. ‘ரிட்டர்ன்’ என்பது கையில் கொடுப்பது. கொடுத்ததை வாங்கி மாறியில் போட்டால்தான் கணக்கு நகரும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் ஃபங்ஷன் அத்தியாயத்தில் உண்மையாகவே கடினமானது என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது.

இன்னொரு குழியும் அதே பயிற்சியில் இருக்கிறது, அது உங்களைத் தள்ளியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பயனர் தட்டும் எண்ணை வாங்க ‘இன்புட்’ பயன்படுத்துகிறோம். அது 6 என்ற எண்ணைத் தராது. 6 என்று எழுதிய எழுத்தைத் தரும். அதை ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றாமல் % குறியால் மீதி கேட்டால், பைத்தான் காட்டும் பிழைச் செய்தி சரத்தை (எழுத்துகளின் தொடரை) வடிவமைப்பது பற்றி ஏதோ புலம்பும். நான் எங்கே சரத்தை வடிவமைத்தேன் என்று நீங்கள் விழிப்பீர்கள். காரணம், அதே % குறிக்கு எழுத்துச் சரங்களோடு வரும்போது வேறு வேலை இருக்கிறது: சரத்துக்குள் மதிப்புகளைப் பொருத்துவது. பைத்தான் உங்கள் எண்ணத்தைப் படிக்கவில்லை, நீங்கள் தந்த பண்டத்தைப் பார்த்து வேலையைத் தீர்மானித்துவிட்டது. இதை யாராவது அருகில் இருந்து ஒரு நிமிடத்தில் சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். தனியாகக் கற்பதில் உள்ள உண்மையான இடர் இதுதான் என்று நினைக்கிறேன். சின்னக் கல் தடுக்கினால்கூட நமக்குக் காலே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: மடக்கும் வேண்டாம், ஃபங்ஷனும் வேண்டாம், ஒரே ஓர் அடியை மட்டும் செய்யும் நான்கு வரிகளை முதலில் எழுதுங்கள். 6 கொடுத்தால் 3, 3 கொடுத்தால் 10 வருகிறதா? பிறகு அந்த நான்கு வரிகளை மடக்குக்குள் போடுங்கள். அது ஓடிய பிறகு அவற்றை ஃபங்ஷனாகப் பிரித்தெடுங்கள். ஃபங்ஷனை முதலில் எழுதச் சொல்வது புத்தகத்துக்கு வசதி. பின்னால் பிரித்தெடுப்பது கற்பவருக்கு வசதி. எல்லாம் ஓடியதும் எத்தனை அடிகள் ஆயின என்று எண்ணும்படி மாற்றுங்கள். 6க்கு 8 அடிகள் வர வேண்டும். 27ஐக் கொடுத்துப் பாருங்கள்: வழியில் 9,232 வரை ஏறி, 111 அடிகள் நடந்து 1க்கு வந்து சேரும். உங்கள் நிரல் 111 என்று சொன்னால் நீங்கள் அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

இப்போது அலமாரிக்குப் போன இரண்டையும் பற்றி.

நண்பர் தந்த பழைய புத்தகத்தைத் திறந்து, திரையில் அச்சிடும் முதல் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ‘பிரிண்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2க்கு எழுதியது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. அடைப்புக்குறி இல்லாதது உடனே பிழை காட்டி நின்றுவிடும், அதனால் ஆபத்தில்லை. ஓசைப்படாமல் மாறியவைதான் தொல்லை. 6/2 என்று எழுதினால் பழையதில் 3 வரும், இப்போது 3.0 வரும். முழு எண்ணாகவே வேண்டுமென்றால் // என்று இரட்டைக் கோடு போட வேண்டும். உங்கள் கோலாட்ஸ் நிரலில் 3.0, 10.0, 5.0 என்று வந்திருந்தால் காரணம் இதுதான். பக்கத்தில் ஒன்றும் திரையில் வேறொன்றுமாக இருக்கும்போது, தொடக்க நிலையில் இருப்பவர் தன்னைத்தான் சந்தேகிப்பார், புத்தகத்தை அல்ல. எனவே நிரல்மொழிப் புத்தகத்தில் மட்டும் பழசுக்கு மதிப்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்முன் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று பார்த்துவிடுங்கள். நல்ல புத்தகத்திலும் பிழைகள் இருக்கும் என்பதால் பதிப்பாளர் தளத்தில் பிழைதிருத்தப் பட்டியலையும் ஒருமுறை புரட்டலாம். கணினி உலகின் மூத்த ஆசிரியர்களில் ஒருவரான டொனால்ட் நூத் தம் நூல்களில் புதிய பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2.56 டாலர் பரிசு என்று அறிவித்திருப்பவர். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் 100 என்பதால் அந்தத் தொகை!

தடிமனான அல்காரிதம் புத்தகத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ‘இன்ட்ரொடக்ஷன் டு அல்காரிதம்ஸ்’ ஆக இருக்கும் என்று ஊகிக்கிறேன். 1990இல் முதல் பதிப்பு, 2022இல் நான்காவது, ஆயிரம் பக்கங்களுக்கு மேல். பெயரில் இருக்கும் ‘அறிமுகம்’ பலரை ஏமாற்றியிருக்கிறது. அது பல்கலைக்கழகப் பாடநூல். அதில் இருப்பவை ஓட்டிப் பார்க்கக்கூடிய நிரல்கள் அல்ல, போலிக்குறியீடு, அதாவது மனிதர் படிப்பதற்காக நிரல் போலவே எழுதிய குறிப்பு. அதைப் பிறருக்குப் பரிந்துரைக்கிறவர்களில் எத்தனை பேர் முழுக்கப் படித்தவர்கள் என்று எனக்கு எப்போதும் ஐயம் உண்டு. நானே பாதிக்கு மேல் தேவைப்பட்டபோது புரட்டிப் பார்த்தவன்தான். உங்களுக்கு ஓராண்டு கழித்து ஆர்வம் வந்தால் ஆதித்யா பார்கவாவின் ‘குரோக்கிங் அல்காரிதம்ஸ்’ போதும். படங்களால் ஆன சின்ன நூல், பைத்தானில் எழுதிய எடுத்துக்காட்டுகள். பெரிய நூல் அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

இதே வகையில் உங்களுக்கு யாராவது கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழி நூலையும் கட்டாயம் பரிந்துரைப்பார்கள். 1978இல் வந்த அற்புதமான நூல். ஒரு சொல் அதிகமில்லாத உரைநடை. ஆனால் இது புரோகிராமிங்கில் அடியெடுத்து வைப்பவர்களுக்கான கையேடு அல்ல, அடிப்படைகள் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அதன் ஆசிரியர்களே முன்னுரையில் சொல்லிவிட்டார்கள். முன்னுரையைப் படிக்காமல் பரிந்துரைப்பவர்களை என்ன செய்வது?

கணினி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. ஆனால் படித்தால் மகிழ்ச்சியாக இருக்கும், அதற்குச் சார்ல்ஸ் பெட்ஸோல்டின் ‘கோட்’ என்ற நூலைத்தான் சொல்வேன். 1999இல் வெளிவந்தது, 2022இல் விரிவான இரண்டாம் பதிப்பு. இரவில் பெற்றோருக்குத் தெரியாமல் எதிரெதிர் வீட்டுச் சன்னல்களிலிருந்து டார்ச் விளக்கால் பேசிக்கொள்ளும் இரண்டு சிறுவர்களோடு தொடங்குகிறது. மோர்ஸ், பிரெய்ல், தந்திக் கருவியின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), தர்க்க வாயில்கள் (ஆம், இல்லை என்ற உள்ளீடுகளிலிருந்து ஒரு விடை தரும் சிறு மின்சுற்றுகள்) என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் நம் கண்முன்னே ஒரு கணினியைக் கட்டி நிறுத்திவிடுகிறார். இதற்குக் கணினி தேவையில்லை. சாய்ந்து படுத்துக்கொண்டு படிக்கலாம். பயிற்சியில் கை சலித்த நாட்களுக்கு அது. நடுவில் மின்சுற்றுப் படங்கள் அடர்த்தியாக வரும் இடத்தில் புரியாவிட்டால் தாண்டிப் போங்கள், குற்றமில்லை. அந்த நூல் உங்களைப் பிடித்துக்கொண்டால், நிசானும் ஷோக்கனும் எழுதிய ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ்’ இருக்கிறது. ஒரே ஒரு வகைத் தர்க்க வாயிலில் தொடங்கி முழுக் கணினியை நீங்களே கட்டுவது. அது இரண்டாம் ஆண்டுக்கான விருந்து.

ஆங்கிலம் பற்றி. நிரல்மொழிப் புத்தகத்தின் ஆங்கிலம் நாவலின் ஆங்கிலம் அல்ல. சொற்கள் சில நூறுதான், அவையே திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருத்தையும் உங்கள் தமிழில் இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பப் படிக்கும்போது இந்த உண்மை மறைந்துவிடும். மடக்கு, சரம், செயற்கூறு (ஃபங்ஷன்) போன்ற தமிழ்ச் சொற்கள் பொருளைப் பிடிக்க உதவும். பிழைச் செய்தியைத் தேடும்போது மட்டும் ஆங்கிலச் சொல் வேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முழுக்கத் தமிழில் படிக்க விரும்பினால் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு அவற்றில் மைஎஸ்கியூஎல் பற்றியது ஒருநாள் கைகொடுக்கும்.

சரங்கள் பற்றிய அத்தியாயம் வரும்போது புத்தகத்தில் இல்லாத ஒரு பயிற்சியை நான் தருகிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளத்தைப் பைத்தானிடம் கேளுங்கள். மூன்று என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடு (கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறை) அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் ‘மி’ அதற்கு இரண்டு. சரி, மூன்று என்று சரியாகச் சொல்லும் ஒரு ஃபங்ஷனை எழுதுங்கள் பார்ப்போம். ஆங்கிலப் புத்தகம் எதிலும் விடை இருக்காது என்பதால் திருட்டுத்தனமாகப் பார்க்கவும் முடியாது.

கணிதத்தைப் பற்றி மறுபடியும் ஒரு வார்த்தை. இருப்பாய்வு பொருந்தாதபோது என்ன செய்கிறீர்கள்? வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறதா என்று பார்த்து, வகுபட்டால் எங்கோ 54ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று தேடத் தொடங்குகிறீர்கள். பாதியாக்கிப் பார்த்து, ஒரு பதிவு பற்றில் போவதற்குப் பதில் வரவில் போயிருக்குமோ என்று தேடுகிறீர்கள். உடனே கிடைக்காவிட்டால் அனாமத்துக் கணக்கில் நிறுத்திவிட்டு மறுநாள் வருகிறீர்கள். நிரலில் பிழை தேடுவதும் இதே புத்திதான். கல்லூரியில் கணினி படித்துவிட்டு வரும் இளைஞர்களிடம் எனக்குப் பெரும்பாடாக இருப்பது இந்தப் பொறுமையைப் பழக்குவது. உங்களிடம் அது ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. அதே சமயம் ஓர் எச்சரிக்கை: பைத்தானிடம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். கணினி பின்னங்களை இரண்டடிமானத்தில் வைப்பதால் 0.1ஐத் துல்லியமாகப் பிடிக்க முடிவதில்லை. பணக் கணக்கு எழுதும் நாள் வரும்போது ‘டெசிமல்’ என்ற மாட்யூலை (பைத்தானோடு வரும் தயார் நிரல் தொகுப்பை) தேடிப் படியுங்கள்.

படிக்கும் முறைக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: எந்த எடுத்துக்காட்டையும் ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று தாளில் எழுதுங்கள். ஓட்டிப் பாருங்கள். எழுதியதும் வந்ததும் ஒத்துப்போனால் மேலே செல்லுங்கள். வேறானால் அங்கேயே உட்காருங்கள், நீங்கள் தேடிக்கொண்டிருந்த பாடம் அதுதான். இப்படிப் படித்தால் வாரத்துக்கு ஓர் அத்தியாயம்கூட முடியாமல் போகலாம். 21 நாளில் கற்பதாக அட்டையில் போட்டவர்கள் அவசரப்படட்டும். அந்த வகைப் புத்தகங்களைப் பார்த்துத்தான் பீட்டர் நார்விக் என்ற கணினி விஞ்ஞானி, பத்து ஆண்டுகளில் புரோகிராமிங் கற்பது எப்படி என்று கிண்டலாகத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

எக்செல் அத்தியாயம் வந்ததும் ஆசையில் அலுவலகக் கோப்புகளைத் திறந்துவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். அசல் கோப்பின் மீது நிரலை ஓட்டாதீர்கள். தனி அடைவில் நகல் எடுத்து வைத்து, அதன் மீது ஓட்டி, கூட்டுத்தொகை அசலோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். நிரல் சேமிக்கும்போது வேறு பெயரில் சேமிக்கட்டும். ஒருமுறை நான் பெயரை மாற்றாமல் சேமித்து, இரண்டு ஆண்டுப் பட்டியல் ஒன்றைக் காலி வரிகளாக்கிவிட்டு, இரவு முழுவதும் பழைய மின்னஞ்சல்களிலிருந்து அதை மீட்டுக்கொண்டிருந்தேன்.